பழைய டீசல் ஜீப்பில் இமயம் வரை போகலாமா? நாமக்கல் லாரிகள் சொல்லித்தரும் பாடம்!

சேலம், நாமக்கல் பக்கம் தோட்டத்துக் கொட்டகைகளில் இன்றும் ஒரு பழைய டீசல் ஜீப்பைப் பார்க்க முடியும். மஹிந்திரா எம்எம் 540, மேஜர், 2010-ல் வந்த முதல் தலைமுறை தார், ஃபோர் வீல் டிரைவ் உள்ள டாடா சுமோ என ஏதோ ஒன்று. உர மூட்டை ஏற்றியது போதும், இனி இதில் குடும்பத்தோடு லடாக் வரை போய்வரலாம் என்ற ஆசை பல வீடுகளில் இப்போது கிளம்பியிருக்கிறது. 'ஓவர்லேண்டிங்' என்று சொல்லப்படும் தரைவழி நெடும்பயணத்தின் வீடியோக்களும் அந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றுகின்றன.

ஆசையில் தப்பில்லை. ஆனால் பலரும் செலவைத் தொடங்கும் இடம்தான் தப்பு. பெரிய டயர், முன்னால் இரும்பு பம்பர், கூரையில் கூடாரம், வரிசையாக எல்இடி விளக்கு என்று வாங்கி மாட்டிவிட்டு, 20 வருடப் பழைய ரேடியேட்டரோடு கிளம்புகிறார்கள். வண்டி வழியில் நிற்கும். இல்லையென்றால் அதிகாரிகள் நிறுத்துவார்கள்!

88 குதிரைத்திறனில் உலகம் சுற்றியவர்

உலகத்திலேயே அதிக தூரம் பயணித்த கார்களில் ஒன்று, ஜெர்மானியர் குந்தர் ஹோல்டார்ஃப்பின் 'ஓட்டோ'. 1988 மாடல் மெர்சிடிஸ் ஜி-வேகன். 88 குதிரைத்திறன் மட்டுமே கொண்ட, டர்போ இல்லாத சாதாரண டீசல் இன்ஜின். கிறிஸ்டினோடு அதில் நெடுங்காலம் பயணித்தவர், 2010-ல் அவர் இறந்த பிறகும் பயணத்தைத் தொடர்ந்தார். 26 ஆண்டுகள், சுமார் 9 லட்சம் கிலோமீட்டர் கடந்து 2014-ல் பயணத்தை முடித்தார். அந்த வண்டி இப்போது ஸ்டட்கார்ட் நகரில் உள்ள மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இன்ஜினும் கியர் அமைப்பும் கம்பெனி கொடுத்தபடியேதான் இருந்தன. பின்பக்கத்தில் படுக்கை, உதிரி பாகங்கள், சமையல் சாமான்கள் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். வண்டியின் பலத்தைக் கூட்டுவதைவிட, இருக்கும் பலத்தைக் கெடாமல் காப்பாற்றியதே அவர்களைக் கரை சேர்த்தது.

நம்ம ஊரிலேயே இருக்கும் பல்கலைக்கழகம்

இந்தப் பாடத்தைக் கற்க ஜெர்மனி போக வேண்டியதில்லை. லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பேர்போன ஊர் நாமக்கல். போர்வெல் ரிக் வண்டிகளின் ஊர் திருச்செங்கோடு. லாரித் தொழிலுக்குச் சங்ககிரி. இங்கிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் வெளி மாநிலங்களில் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்கின்றன. கூடவே போகும் லாரியில்தான் டீசல், கருவிகள், சமையல் எல்லாமும். அவர்கள் அதை ஓவர்லேண்டிங் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாமக்கல் லாரியைச் சுற்றிவந்து பாருங்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கை. கனமான கருவிப்பெட்டி மேலே இல்லை. சேஸிஸ் ஓரமாகத் தாழ்வாகத் தொங்குகிறது. பாடியைச் சேஸிஸோடு பற்ற வைப்பதில்லை. யூ போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். சேஸிஸில் கண்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் சூட்டில் இரும்பு வலுவிழந்து, பின்னாளில் அங்கேயே விரிசல் விடும். கனம் கீழே இருக்க வேண்டும், எதையும் போல்ட்டில் மாட்ட வேண்டும், தேவைப்பட்டால் கழற்றிவிட முடிய வேண்டும். இந்த மூன்றையும் உங்கள் ஜீப்புக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஆர்சி புத்தகம்

ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்சியைத் திறங்கள். சேஸிஸ் எண், இன்ஜின் எண், எரிபொருள், இருக்கைகள் எண்ணிக்கை எல்லாம் வண்டியோடு பொருந்துகின்றனவா? பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜினை மாற்றி, ஆர்சியில் ஏற்றாமல் விட்ட வண்டிகள் நிறைய உண்டு. வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது.

சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள். பிறகு தகுதிச் சோதனை முடித்து 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அரசுத் துறை ஜீப் ஏலத்தில் கிடைக்கும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்கள் உடைப்புக்குத்தான் போக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி.

அடுத்து, மாற்றங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

முன்புற இரும்பு கார்டுகளுக்கு எதிராக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அகல டயர், எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கும் எல்இடி பார் எல்லாம் சிக்கல்தான். பின் சீட்டை நிரந்தரமாகக் கழற்றினால் இருக்கைகள் எண்ணிக்கையே மாறிவிடும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கப்போகும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று. சந்தேகம் உள்ள எந்த மாற்றத்துக்கும் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

ரேடியேட்டர் மூடியில் இருக்கிறது சூட்சுமம்

கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊர் நம்முடையது. பழைய டீசலுக்கு முதல் எதிரி சூடுதான். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே அடைப்பு எடுங்கள். ஹோஸ், ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப் மூன்றையும் சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள். 'சூடாகுது, தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட்டுடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது நோயை மறைக்கும் வேலை. மலைக் குளிரில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது.

எல்லாவற்றையும்விட மலிவானது ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி அல்ல, அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. நல்ல மூடி, உள்ளே இருக்கும் நீரின் கொதிநிலையைச் சுமார் 20 டிகிரி உயர்த்துகிறது. 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாயில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 83 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். பல வண்டிகளில் தெர்மோஸ்டாட் திறக்கும் சூடே அவ்வளவுதான்! மூடியின் ரப்பர் பழுதாகியிருந்தால் அங்கே என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே உயரத்தில் காற்றும் மெலிந்துவிடும். டர்போ இல்லாத இன்ஜினின் பலம் ஏறத்தாழ பாதியாகும். எம்எம் 540-ன் 62 குதிரைத்திறன் அங்கே முப்பத்துச் சொச்சம்தான். கறுப்புப் புகை வரும், வண்டி திணறும். லோ கியரில் நிதானமாக ஏற வேண்டியதுதான். இங்கேயே டீசல் பம்ப், நாசில் இரண்டையும் சர்வீஸ் செய்து, ஃபில்டர் மாற்றி வைத்திருந்தால் அங்கே திணறல் குறையும்.

பிரேக், பட்டை, ஃபோர் வீல்

நின்றால்தான் ஓட்ட முடியும். டிரம் பிரேக் லைனிங், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிதாக இருக்கட்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் நீண்ட இறக்கத்தில் கொதித்து, பெடல் பஞ்சு போல உள்ளே போகும்.

லாரிக்காரர்கள் 'பட்டை' என்று சொல்லும் லீஃப் ஸ்பிரிங்கில் விரிசல் இருக்கிறதா, சென்டர் போல்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூடுதலாக ஒரு பட்டை போட்டால் வண்டி அதிக எடை தாங்கும் என்று நினைக்க வேண்டாம். ஆக்ஸில், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழைய அளவுதானே?

ஃபோர் வீல் டிரைவை வருடக்கணக்கில் போடாமலேயே வைத்திருப்பவர்கள் அதிகம். மாதம் ஒருமுறை மண் தரையில் போட்டு ஓட்டிப் பாருங்கள். காய்ந்த தார் சாலையில் போடாதீர்கள். இந்தப் பழைய அமைப்பில் முன், பின் ஆக்ஸில்கள் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுகின்றன. வளைவில் இரண்டும் வேறு வேறு தூரம் போக வேண்டியிருப்பதால், அந்த முறுக்கு முழுவதும் கியர் பற்களில் இறங்கும்.

படுக்கை, பேட்டரி, சாப்பாடு

இனிதான் ஆசைப்பட்டவை. மடித்த பின் சீட்டுக்கு மேல் பிளைவுட் பலகை, கீழே இழுப்பறைப் பெட்டிகள், மேலே மெத்தை. எல்லாமே கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். நான்கு பேர் போனால் இருவர் உள்ளே, இருவர் தரைக் கூடாரத்தில். கூரைக் கூடாரம் பார்க்க அழகுதான். ஆனால் உயரத்தில் ஏறும் கனம், வளைவில் வண்டியைச் சாய்க்கும்.

சின்ன ஃபிரிட்ஜ் வேண்டுமா? 40 வாட் ஃபிரிட்ஜ் ஒரு நாளில் பாதி நேரம் ஓடினால் 480 வாட்-மணி. 12 வோல்ட் கணக்கில் 40 ஆம்பியர்-மணி. சாதாரண லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால், குறைந்தது 80 ஆம்பியர்-மணி பேட்டரி தேவை. அது தனி பேட்டரியாக இருக்கட்டும். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் கை வைக்காதீர்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம். ஃபியூஸ் இல்லாத வயர் எங்காவது உரசி அறுந்தால், தீப்பிடிக்க அது போதும்.

எடை மேடையில் ஒரு கணக்கு

நான்கு பேர் 260 கிலோ, தண்ணீர் 40, கூடுதல் டீசல் 20 லிட்டருக்கு 17, கூரைக் கூடாரமும் கேரியரும் 90, இரண்டாவது பேட்டரி 25, சாப்பாட்டோடு ஃபிரிட்ஜ் 30, கருவிகளும் உதிரிகளும் 40, துணிமணி, மெத்தை, அடுப்பு 60. கூட்டினால் 562 கிலோ! ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான்.

லாரிகள் ஓடும் ஊரில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. வண்டியை முதலில் காலியாக நிறுத்தி எடை போடுங்கள். பிறகு ஆட்களோடும் சாமான்களோடும் போடுங்கள். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை. வண்டியின் கையேட்டில் உள்ள அதிகபட்ச எடையோடு ஒப்பிடுங்கள். தாண்டினால், முதலில் இறங்க வேண்டியது கூரையில் இருப்பது.

ஒத்திகை இல்லாமல் கிளம்பாதீர்கள்

முதல் ஒத்திகைக்கு ஏற்காடு போதும். 20 கொண்டை ஊசி வளைவுகள். அடுத்தது காரவள்ளியிலிருந்து கொல்லிமலை, 70 வளைவுகள். முழுச் சுமையோடு ஏறுங்கள். சூடு முள் எங்கே நிற்கிறது என்று ஒருவர் கவனிக்கட்டும். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். காப்புக்காட்டுக்குள் வண்டியை இறக்குவதும், அனுமதியின்றி இரவு தங்குவதும் கூடாது.

நிறுத்தும் இடத்திலெல்லாம் லாரி டிரைவர்கள் செய்வதைச் செய்யுங்கள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரைத் தட்டி, நான்கு ஹப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மூன்று மிதமான சூட்டில் இருக்க ஒன்று மட்டும் கொதித்தால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகப்போகிறது. சரிசெய்ய வேண்டியது அங்கேதான், மணாலியில் அல்ல.

கையோடு இருக்க வேண்டியவை: ஃபேன் பெல்ட், மேல், கீழ் ரேடியேட்டர் ஹோஸ், டீசல் ஃபில்டர் இரண்டு, பிரேக் ஆயில், கிளட்ச் சிலிண்டர் கிட், வீல் பேரிங், யூ போல்ட், சென்டர் போல்ட், ஆக்ஸிலேட்டர் கேபிள், ஃபியூஸ், வயர், ஒரு ரேடியேட்டர் மூடி. இவற்றை மாற்றுவதை உள்ளூர் மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று ஒருமுறை நீங்களே செய்து பழகுங்கள்.

வடக்கே போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. டெல்லி, அதைச் சுற்றியுள்ள என்சிஆர் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை விதித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகு உத்தரவுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கிளம்பும் வாரத்து நிலவரத்தைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் என்சிஆர் எல்லையைத் தொடாமல் ராஜஸ்தான், பஞ்சாப் வழியாகப் பாதையை அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கூடினால் என்ன? போகிற வண்டியும் நிதானமான வண்டிதானே!