கொட்டகைக்குக் காங்கிரீட் தரை

தெலுக் பங்லிமா காராங் பக்கத்துக் களிமண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். ஆகவே முதலில் 4 அங்குலம் சரளை பரப்பி, இடித்து இறுக்கவேண்டும்.

சிமெண்டு 1 பங்கு, மணல் 2, கருங்கல் ஜல்லி 4. தண்ணீர்தான் சங்கதியே. நாங்கள் மோட்டார் சைக்கிள் கொட்டகைக்குத் தரை போட்டபோது, கிளறச் சுலபமென்று தண்ணீரைத் தாராளமாக விட்டோம். மேலே ஊறிய நீர் வற்றுமுன்பே கொத்துக்கரண்டியால் தேய்த்தோம். கண்ணாடிபோல் மின்னியது, ஆறே மாதத்தில் மாவாக உதிர்ந்தது. இரண்டு மாதச் சேமிப்பு போயிற்று!

மட்டப்பலகை இழுத்தபின் பொறுங்கள். ஊறிய நீர் மறைந்து, கால் வைத்தால் இலேசாகத் தடம் பதியும் பதத்தில் தேயுங்கள். கதவுப்பக்கம் சற்றுச் சரிவு இருக்கட்டும். மறுநாள் முதல் ஈரச்சாக்கு போர்த்தி, 7 நாள் காயவிடாமல் நீர் தெளியுங்கள். வண்டியை அதற்குப் பிறகே ஏற்றலாம்.