சரக்கைச் சோதிப்பவர் யார்?

பொம்மனஹள்ளியிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பார்சல் அனுப்புகிறோம். விமான நிலையத்தில் அதன் பாதுகாப்பைச் சரக்கு நிறுவனங்களே கவனித்துக் கொள்ளலாமா? சோதனையை அவர்கள் செய்யட்டும்; மேற்பார்வை அரசிடம் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

1985 ஜூனில் டொராண்டோவில் எக்ஸ்ரே கருவி பழுதானது. தனியார் காவலர்கள் கைக்கருவியால் பயணிகளின் பெட்டிகளைச் சோதித்து ஏற்றினார்கள். 'கனிஷ்கா' விமானம் நடுவானில் வெடித்து 329 பேர் மாண்டனர். 1987-இல் நம் அரசு விமானப் பாதுகாப்பைத் தனித் துறையாக்கியது. சரக்கைச் சோதிக்கும் தனியாருக்கு இன்று அதன் அனுமதி வேண்டும்.

நான் பணியாற்றிய ரயில்வேயில் புதுப் பாதை போடுவது நாங்கள். பயணிகள் வண்டி ஓடலாம் என்று ஒப்புதல் தருபவர் பாதுகாப்பு ஆணையர். அவர் இருப்பதோ விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்! வேலை செய்தவரே சான்றும் தரக் கூடாதல்லவா? சரக்குக்கும் அதே நியாயம்தான், அன்பர்களே.