சிறிய மீன்பிடி வள்ளம்: வாங்கும்போதும் வாங்கிய பின்னும்

ஒன்ராறியோவில் பனி உருகியதும் வீட்டு முற்றங்களில் "விற்பனைக்கு" என்ற அட்டையோடு அலுமினிய வள்ளங்கள் தலைகாட்டும். பெரும்பாலும் 14 அடி நீளம். பின்னால் 10 முதல் 20 குதிரைவலு வரையான அவுட்போர்ட் எஞ்சின். கீழே ஒற்றை அச்சு ட்றெயிலர். சிம்கோ, ஸ்கூகொக், றைஸ் ஏரிகளுக்கு வார இறுதியில் போய், இரண்டு மூன்று பேர் இருந்து தூண்டில் போட்டுவிட்டு வர இந்த அளவு தாராளம். முதல் வள்ளம் வாங்குகிறவர் இதைவிடப் பெரிதாக வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இதைச் சாதாரண குடும்ப வாகனமே இழுக்கும் (வாகனக் கையேட்டில் இழுவை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்). இரண்டு பேர் தள்ளி முற்றத்தில் நிறுத்திவிடலாம். எஞ்சின் வேலைகளில் அநேகமானவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் ட்றெயிலரை வீட்டு முன்றலில் நிறுத்துவதற்குச் சில நகரசபைகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. தொடர்மாடியில் இருப்பவருக்கு இடமே இராது. நிறுத்த இடம் உறுதியான பிறகு விலை பேசுங்கள்.

ஊரில் கடற்கரையோரம் வளர்ந்தவர்களுக்கு உப்புத்தண்ணீர் இரும்பைத் தின்னும் விதம் தெரியும். இங்கே ஏரிகள் நன்னீர். உப்பின் தொல்லை இல்லை, அதற்குப் பதில் உறைபனி இருக்கிறது. போகக்கூடாத இடத்தில் புகுந்த தண்ணீர் கோடையில் மெல்ல மெல்லத் துருவை உண்டாக்கும். மாரியில் உறைந்து விரிந்து ஒரே இரவில் உலோகத்தைப் பிளக்கும். சிறிய வள்ளங்களுக்கு வரும் பெரிய செலவுகளில் அநேகமானவை இப்படிப் புகுந்த தண்ணீரால் வருபவை. வாங்கும்போது பார்ப்பதும் அதைத்தான், வாங்கிய பின் காவல் காப்பதும் அதற்கு எதிராகத்தான்.

பழைய வள்ளத்தைப் பார்க்கப் போனால் முதலில் பின்பக்கம் போங்கள். எஞ்சின் பூட்டியிருக்கும் பின்பலகை பல வள்ளங்களில் அலுமினியத் தகட்டுக்குள் வைத்த ஒட்டுப்பலகைதான். திருகாணி ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் ஊறி அது உள்ளேயே உக்கிப்போகும். வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும். எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். எஞ்சினோடு சேர்ந்து பலகையும் வளைந்து கொடுத்தால் அந்த வள்ளத்தை விட்டுவிடுங்கள். அடுத்தது றிவெற் ஆணிகள். அலுமினியத் தகடுகளைப் பொருத்தும் இந்த ஆணிகள் வருடக்கணக்கில் அலையில் அடிபட்டுத் தளரும். ட்றெயிலரில் நிற்கும் வள்ளத்துக்குள் தோட்டக்குழாயால் சில அங்குல உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, கீழே குனிந்து பார்த்தால் எந்த ஆணி கசிகிறது என்று தெரியும். அதிகம் நிரப்ப வேண்டாம். தண்ணீரின் பாரம் ட்றெயிலரை வருத்தும். ஒன்றிரண்டு கசிவு பெரிய குறை இல்லை, திரும்ப அறைந்தோ பூச்சுப் பூசியோ திருத்தலாம். முந்திய சொந்தக்காரர் ஆசையாகத் தளம் போட்டிருந்தால், என்ன பலகை என்று கேளுங்கள். வேலிக்கும் மேடைக்கும் பாவிக்கும் மருந்தூட்டிய பலகையில் செம்பு இருக்கும். அது ஈரத்தோடு அலுமினியத்தில் படும் இடமெல்லாம் அரித்துவிடும்.

எஞ்சினைப் பொறுத்தவரை, நீங்கள் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். மூடியில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், உங்களுக்காக முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிரில் ஸ்ராற் எடுப்பதில் சிரமம் இருக்கிறதோ என்று ஐயப்பட இடமுண்டு. இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் அமுக்கமானி போட்டுப் பார்க்கக் கேளுங்கள். இரண்டின் அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். பத்து வீதத்துக்கு மேல் வேறுபட்டால் வேறு எஞ்சின் தேடுங்கள்.

கடதாசி வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் வைத்த எந்த உல்லாச வள்ளத்தையும் கனடாவில் ஓட்ட ஓட்டுநர் தகுதி அட்டை வேண்டும். 2009 முதல் இது எல்லா வயதினருக்கும் பொருந்தும், ஒருமுறை சோதனை எழுதி எடுத்தால் ஆயுள் முழுவதும் செல்லும். எஞ்சின் 10 குதிரைவலு அல்லது அதற்கு மேல் என்றால் வள்ளத்துக்கும் ஓர் அனுமதி இலக்கம் எடுத்து, அணியத்தின் இரு பக்கமும் 7.5 சென்ரிமீற்றருக்குக் குறையாத உயரத்தில் எழுத வேண்டும். ட்றெயிலருக்குத் தனி இலக்கத்தகடு. 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு மீன்பிடி அனுமதி வேறு. 6 மீற்றருக்கு உட்பட்ட வள்ளத்தில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, துடுப்பு அல்லது கயிற்றோடு நங்கூரம், தண்ணீர் இறைக்க வாளி அல்லது பம்பி, விசில் முதலியவை இருக்க வேண்டும். இருட்டில் ஓடினால் விளக்குகளும். பின்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டில் எத்தனை பேர் ஏறலாம், எத்தனை குதிரைவலு பூட்டலாம் என்று எழுதியிருக்கும். விருந்தினர் வந்த நாளிலும் அந்த எண்ணிக்கை மாறாது.

இனிப் பராமரிப்பு. அவுட்போர்ட் எஞ்சின் ஏரித் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்விக்கிறது. அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி பின்பக்கத்துச் சிறு துவாரத்தால் பீச்சிக்கொண்டு வெளியே வரும். ஸ்ராற் பண்ணியதும் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பீச்சலைத்தான். அது நலிந்தால் அல்லது நின்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். சில வேளை துவாரத்தில் களையோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கும், மெல்லிய கம்பியால் குத்தினால் சரியாகிவிடும். இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் இறைக்கும் இறப்பர்ச் சில்லான இம்பெல்லர் தேய்ந்திருக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுங்கள். அதன் விலை எஞ்சின் சூடேறி இறுகினால் வரும் செலவுக்குக் கிட்டவும் வராது. தண்ணீர் இணைக்காமல் தரையில் "ஒரு நிமிடம் சும்மா போட்டுப் பார்ப்போம்" என்று எஞ்சினை இயக்குவது இந்த இறப்பரைக் கருக்கிவிடும். வீட்டில் இயக்க, தண்ணீர் உறிஞ்சும் வாயில் மாட்டும் இறப்பர்க் கிண்ணங்கள் கடையில் விற்கின்றன. தோட்டக்குழாயை அதில் கொழுவிவிட்டு இயக்குங்கள்.

மீன்பிடிக்கிறவர்களின் எஞ்சினுக்கென்றே வரும் ஒரு கேடு உண்டு: தங்கூசி. அறுந்து மிதக்கும் நூல் புறொப்பெல்லரில் சுற்றும்; சுற்றியது நகர்ந்து நகர்ந்து அதன் பின்னால் உள்ள அச்சில் இறுகும்; அங்கே எண்ணெய் வெளியே வராமலும் தண்ணீர் உள்ளே போகாமலும் காக்கும் இறப்பர் வளையத்தை வெட்டும். வெளியில் ஒன்றும் தெரியாது. ஆகவே பருவத்தில் இரண்டு தடவையாவது புறொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். முதலில் எஞ்சின் தற்செயலாக ஸ்ராற் எடுக்காதபடி ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு ஊசியை நிமிர்த்தி இழுத்து, நட்டைக் கழற்றினால் புறொப்பெல்லர் கையோடு வரும். அச்சில் நூல் சுற்றியிருந்தால் வெட்டி எடுத்து, அச்சைத் துடைத்து, நீர்ப்பிடிப்பற்ற கிறீஸ் தடவி, புது ஊசி போட்டுப் பூட்டுங்கள். பதினைந்து நிமிட வேலை.

அந்த வளையம் வெட்டுப்பட்டதா என்பதைக் கியர் எண்ணெய் சொல்லும். எஞ்சினின் அடிக்காலில் கீழே ஒரு திருகாணி, மேலே ஒரு திருகாணி இருக்கும். கீழே ஒரு தட்டம் வைத்து இரண்டையும் கழற்றினால் எண்ணெய் வடியும். கருமையாக வந்தால் பரவாயில்லை, பாவித்த எண்ணெய் அப்படித்தான். பால்விட்ட தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வளையத்தை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவதில் பயன் இல்லை. கீழ்த் திருகாணியில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள்: மாப்போல நுண்துகள் ஒட்டியிருப்பது வழமை, விரலில் உறுத்தும் சில்லுகள் இருந்தால் பல்லுச்சில்லு உடைகிறது. புது எண்ணெயைக் கீழ்த்துவாரத்தால்தான் ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று சிறைப்பட்டு, நிறைந்தது போல் தோன்றும், உள்ளே பாதி வெறுமையாக இருக்கும். மேல்துவாரத்தால் குமிழி இல்லாமல் எண்ணெய் வழியத் தொடங்கியதும் முதலில் மேல் திருகாணியைப் பூட்டி, பிறகு கீழ்த் திருகாணியைச் சட்டென்று பூட்டுங்கள். இரண்டுக்கும் புது வோஷர்.

இந்த வேலையை வருடந்தோறும் ஒக்ரோபரில் செய்யுங்கள், மே மாதம் வரை தள்ள வேண்டாம். கியர்ப் பெட்டிக்குள் தண்ணீர் நிற்கும் எஞ்சின் ஜனவரியில் வெடிக்கும். வசந்தத்தில் எண்ணெய் மாற்றப் போகிறவர் வெடித்த கூட்டைத்தான் காண்பார்.

அதே நாளில் பெற்றோலையும் கவனியுங்கள். இங்கே விற்கும் பெற்றோலில் பெரும்பாலும் எதனோல் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரோடு சேர்ந்து தாங்கியின் அடியில் தனியாகப் பிரியும். நின்று பழசான பெற்றோல் காபரேற்றரின் ஊசித்துவாரங்களில் பிசினாகப் படியும். வசந்தத்தில் "எஞ்சின் எடுக்குதில்லை" என்று கடைக்கு வருபவற்றில் பெரும்பங்கு இதுதான். புதுப் பெற்றோலில் நிலைநிறுத்தித் திரவம் கலந்து, பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி, காபரேற்றர் வகை என்றால் பிறகு பெற்றோல் குழாயைக் கழற்றித் தானாக நிற்கும் வரை விடுங்கள். எஞ்சினை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள், படுக்க வைத்தால் தண்ணீர் முழுதாக வடியாது. பற்றறியைக் கழற்றி முழுச் சார்ஜில் வைத்தால் குளிரைத் தாங்கும். சார்ஜ் இறங்கிய பற்றறி உறைந்து வெடிக்கும். அணியத்தை உயர்த்தி, வடிகால் தக்கையைக் கழற்றி, பனி தேங்காதபடி தறப்பாளைச் சரிவாகக் கட்டுங்கள். தக்கையை எஞ்சின் பிடியில் கட்டித் தொங்கவிட்டால் வசந்தத்தில் அதைப் பூட்டாமல் ஏரியில் இறக்கும் ஆபத்து இல்லை.

வள்ளத்தைப் பார்க்கிறவர்கள் ட்றெயிலரை மறந்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலை 400 இல் ஒரு மணிநேரம் ஓடிய சில்லின் நடுக்குடம் சூடாக இருக்கும். அதே சூட்டோடு குளிர்ந்த ஏரிக்குள் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கி, மூடி வளையத்தைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சும். அந்த ஈரம் பெயரிங்கைத் துருவாக்கி, இன்னொரு நாள் நெடுஞ்சாலையில் சில்லையே கழற்றிவிடும். ஏரிக்கு வந்ததும் இறக்கும் இடத்துக்கு நேரே போகாமல் ஓரமாக நிறுத்தி, தூண்டில்களை ஆயத்தப்படுத்தும் நேரத்தில் சில்லு ஆறட்டும். குடத்தில் கை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பெயரிங் போகப்போகிறது. வருடம் ஒருமுறை திறந்து கழுவிப் புதுக் கிறீஸ் அடைக்க வேண்டும். ரயர் மேலே புதிதாகத் தெரிந்தாலும் பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். ட்றெயிலர் ரயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்று பழுதாவதே அதிகம்.

ஏரியை விட்டுக் கிளம்பும்போது செய்ய வேண்டியது ஒன்று சட்டமாகவே இருக்கிறது. 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் வள்ளத்தை வீதியில் கொண்டுபோகுமுன் தக்கைகளைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டியிருக்கும் களைகளை அகற்ற வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி 1988 இல் சென் கிளயர் ஏரியில் கண்டறியப்பட்டது. பிறகு ஏரி ஏரியாகப் பரவிவிட்டது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாதவை, வள்ளத்தின் அடியில் தேங்கிய ஒரு குவளைத் தண்ணீரிலும் பயணம் போகும். ஏரி நமக்கு மீன் தருகிறது. அதற்கு இதையாவது நாம் செய்ய வேண்டும்.

கடைசியாக ஒன்று, மிக முக்கியமாக. சிம்கோ 700 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட திறந்த ஏரி. காற்று எழுந்தால் 14 அடி வள்ளத்துக்கு அது கடல்தான். காலையில் காற்று முன்னறிவிப்பைப் பார்த்து, ஐயம் இருந்தால் கரையோரம் நில்லுங்கள் அல்லது வீட்டில் நில்லுங்கள். மே மாதத்தில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் தண்ணீர் பனிக்குளிர். விழுந்தவருக்கு முதல் நிமிடம் மூச்சே பிடிபடாது. ஏறத்தாழ பத்து நிமிடத்தில் கைகால் சொல்வழி கேளாது. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே கதிதான். உயிர்காப்பு அங்கியை இருக்கைக்குக் கீழே அடுக்கி வைத்தால் சட்டம் திருப்திப்படும், விழுந்தவருக்கு உதவாது. இறங்குதுறையிலேயே எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள், முதலில் ஓட்டுகிறவர். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ கொழுவிய பிறகே ஸ்ராற் பண்ணுங்கள்.