விதையற்ற வாழையும் பனிமலைப் பூவும்

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீட்டின் பின்புறம் வாழை நிற்பது நாம் நன்கறிந்த காட்சி. அதன் கனியை உண்ணும் நாம், அதில் விதை ஏன் இல்லை என்று வினவுவதில்லை. அவ்வினாவைத் தொடர்ந்து சென்றால், தொலைதூரப் பனிமலைகளில் புதிய செடியினங்கள் தோன்றிய வரலாற்றுக்கே வந்து சேர்வோம்.

காட்டுவாழையின் கனியில் கடினமான விதைகள் நிறைந்திருக்கும். மலாய்த் தீபகற்பத்தில் வளரும் ஒரு பிரிவுக்கு அறிவியலார் இட்ட பெயர் 'மலாக்கென்சிஸ்'. நம் மலாக்காவின் பெயரே அது. அதன் உயிரணுவில் 22 குரோமோசோம்கள் உள்ளன: தாய்வழி 11, தந்தைவழி 11. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது இவை இணையிணையாகச் சேர்ந்து, பின்னர்ப் பாதியாகப் பிரியும். எப்போதேனும் இப்பிரிவு நிகழாமல் 22-உம் ஒரே சூல்முட்டையில் தங்கிவிட்டால், மகரந்தத்தின் 11-உம் சேர்ந்து 33 ஆகிவிடும். இதுவே மும்மடியம். மூன்று மூன்றாக நிற்பவை ஒழுங்காக இணைசேர்ந்து பிரிய இயலாது. ஆகவே நல்ல விதை பிடிப்பதில்லை. மலாய் மக்களும் 'பீசாங் ராஸ்தாலி' என்றே அழைக்கும் நம் ரஸ்தாளி இத்தகையது. (22 குரோமோசோம்களே உடைய பீசாங் மாஸிலும் விதையில்லை, அதன் காரணம் வேறு.)

இம்மலட்டுத்தன்மையே இயற்கையில் புதிய இனத்திற்கு வேலியாகிறது. ஒரு செடியின் குரோமோசோம் எண்ணிக்கை இரட்டித்து நான்மடியமானால், அவை இணைசேர்வதற்குத் தடையில்லை. அது விதை ஈனும். ஆனால் தன் தாயினத்தோடு கலந்தால் பிறப்பது மும்மடியமே. ஒரே தலைமுறையில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

வேலி மட்டும் போதாது. தாயினத்தின் நடுவே தனித்து நிற்கும் நான்மடியச் செடிமீது விழும் மகரந்தம் பெரும்பாலும் தாயினத்தினுடையதே. அதன் பிள்ளைகள் மலடாகும். அது பிழைக்க வேண்டுமாயின் தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்க வேண்டும். அல்லது தாயினம் குடியேறாத நிலத்தை அடைய வேண்டும்.

மலாக்காவின் எல்லைக்கப்பால் நிற்கும் லேடாங் மலையின் உயரம் 1276 மீட்டர். அங்கே பனி பெய்வதில்லை. ஐரோப்பாவிலோ, பனியாறுகள் உருகிப் பின்வாங்கியபோது செடியற்ற வெற்று நிலம் பரந்து கிடந்தது. அங்குள்ள பிரிமுலா என்னும் சிறுபூச்செடிகளைப் பாருங்கள். ஃபாரினோசா இனத்திற்கு 18 குரோமோசோம்கள். அது பெரும்பாலும் வேற்றுச்செடியின் மகரந்தத்தை நம்பியிருப்பது. ஆல்ப்ஸ் மலையில் உயரத்தில் வளரும் ஹல்லேரிக்கு 36. ஸ்காட்லாந்தின் வடகோடியிலும் ஆர்க்னித் தீவுகளிலும் மட்டுமே வாழும் ஸ்காட்டிகாவிற்கு 54. ஸ்காண்டிநேவிய மலையினத்திற்கு 72. வடதுருவப் பகுதியின் ஸ்டிரிக்டாவிற்கு 126. எண்ணிக்கை உயர்ந்த இந்நான்கும் தம் மகரந்தத்தாலேயே விதை ஈனவல்லவை. பன்மடியமே குளிரைத் தாங்கும் வலிமையைத் தந்தது என்பார் உளர். அது முழு விடையன்று என்பது நம் கருத்து. துணையின்றி விதை ஈனும் திறனும், போட்டியற்ற நிலமும் சேர்ந்தே அவற்றை நிலைபெறச் செய்தன எனலாம்.

நம் வாழைக்கு அத்தகைய வழி கிட்டவில்லை. மனிதன் பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டதாலேயே அது பரவியது. ஆகவே ஒரு தோட்டத்து வாழைகள் யாவும் ஒரே செடியின் படிகள். ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லும். பனாமா வாடல் நோயின் நான்காம் வெப்பமண்டல வகை, 1990-களில் நம் நாட்டின் கேவண்டிஷ் தோட்டங்களை அவ்வாறே அழித்தது. அந்நோயை எதிர்க்கும் மரபணு ஒன்றை ஆஸ்திரேலிய ஆய்வாளர் கேவண்டிஷில் சேர்த்தனர். அவ்வாழையைப் பயிரிட 2024-இல் அந்நாடு அனுமதி அளித்தது. அம்மரபணு எடுக்கப்பட்டது விதை நிறைந்த மலாக்கென்சிஸ் காட்டுவாழையிலிருந்து. உண்ண உதவாதென்று நாம் வெட்டியெறியும் வாழை அதுதான்.