கணக்கை யாரிடம் ஒப்புவிப்பது?

காங்கேயம் பிரதேசத்தில் மாடு வாங்கப் போகும் குடியானவர் எவரும் விற்பவன் வார்த்தையை மாத்திரம் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. கண்ணபுரம் சந்தையில் அவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்க விட்டுப் பார்ப்பார், உழவுக்குப் பழகியதா, வண்டிக்குப் பழகியதா என்று நாலு பேரிடம் விசாரிப்பார். இவ்வளவும் ஆன பிறகே விலை பேசத் துண்டுக்குள் கை நுழையும். அதே மனிதர் தமது கொப்பரைக் களத்தின் கணக்கையோ அரிசி ஆலையின் கணக்கையோ ஒருவரிடம் ஒப்புவிக்கும்போது, அவர் என்ன பரீட்சை தேறியவர், எந்தச் சட்டத்தின் கீழ்க் கையெழுத்திட உரிமை பெற்றவர் என்று ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. மைத்துனர் அவரிடம் கொடுக்கிறார், பக்கத்து ஆலைக்காரரும் அவரிடம் கொடுக்கிறார், ஆகையால் நாமும் கொடுக்கிறோம் என்பதே பெரும்பாலோர் கூறும் காரணம். இதனால் விளையும் தீங்கு சிறிதன்று.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுவோம். வரி சம்பந்தமான காகிதம் எதையேனும் நிரப்பித் தருபவர் எல்லோருக்கும் நமது ஊர்களில் ‘ஆடிட்டர்’ என்ற ஒரே பெயர் வழங்குகிறது. அப்பெயருக்கு ஒரு காலத்தில் திட்டமான பொருள் இருந்தது. 1913-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்பவர் அதற்குரிய சான்றிதழ் பெற்றிருக்க வேண்டுமென்று விதித்தது. 1932-ஆம் வருஷத்து விதிகளின்படி பதிவு பெற்ற கணக்கர்களுக்குத் தனி ஜாபிதா ஏற்பட்டது. சுதந்திரம் வந்தபின், 1949 ஜூலை 1-ஆம் தேதி சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்கள் சட்டம் அமலுக்கு வந்து, இத்தொழிலை நிர்வகிக்கும் ஸ்தாபனமும் தோன்றிற்று. இவ்விடத்தில் ஒரு பெயரைக் குறிப்பிடாமல் மேலே செல்ல நமக்கு மனம் வரவில்லை. தேசியப் போராட்டத்தில் சிறை சென்ற சென்னை ஆர். சிவபோகம் அம்மையார், 1933-இல் கணக்கியல் பரீட்சையில் தேறி, இந்தியாவில் இத்தொழிலுக்கு வந்த முதல் பெண்மணி ஆனார். சிறை சென்ற தேசபக்தர்களில் வக்கீல்களை எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்கரை நினைப்பார் குறைவு.

சட்டம் இன்று இத்துறையில் அங்கீகரிப்பவர் இன்னின்னார் என்பதை நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஒருவர். வருமான வரி அதிகாரியின் முன் கட்சிக்காரருக்காக ஆஜராகும் உரிமை அவருக்கு உண்டு, வக்கீலுக்கும் உண்டு. சரக்கு சேவை வரிக்கென்று தனியே பதிவு செய்துகொண்டு, அதற்கான பரீட்சையிலும் தேற வேண்டிய தொழில்முறையாளர் வேறொருவர். இவர்களுக்கு அப்பால், ‘வரி ஆலோசகர்’ என்று பலகை மாட்டியிருக்கும் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. அப்பலகையை மாட்டப் பரீட்சை எதுவும் வேண்டியதில்லை. பலகை எழுதுபவனுக்குக் கூலி கொடுத்தால் போதும். அவர்களில் யோக்கியர்களும் திறமைசாலிகளும் இல்லையென்று நாம் சொல்லவில்லை. முப்பது வருஷம் மண்டியில் பேரேடு எழுதிய கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்த சில சங்கதிகள் பட்டம் பெற்றவருக்குத் தெரியாமலிருப்பதும் உண்டு. ஆனால் அவர் தவறு செய்தால் அவரை விசாரிக்கவோ தொழிலை விட்டு நீக்கவோ எந்த ஸ்தாபனத்துக்கும் அதிகாரமில்லை.

எல்லோரும் சார்ட்டர்ட் அக்கவுண்டன்டைத் தேடி ஓட வேண்டுமென்பதும் நமது கட்சியன்று. மளிகைக் கடைக்காரருக்கும் ஒற்றை மாடிக் கட்டடத்தின் வாடகையில் ஜீவிப்பவருக்கும் அவ்வளவு செலவு அநாவசியம். வருஷத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேற்படாமல் விற்பனை செய்யும் சிறு வியாபாரி, விற்பனையில் எட்டுச் சதவிகிதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டச் சட்டமே வழி விட்டிருக்கிறது. பாங்கு மூலம் வரும் தொகைக்கு ஆறு சதவிகிதம் போதும். இப்படிப்பட்டவருக்கு ஒழுங்கான வரித் தொழில்முறையாளர் ஒருவர் போதுமானவர். விற்பனை பெருகித் தணிக்கைக்கு உட்படும் எல்லையைத் தாண்டியவருடைய நிலை வேறு. அந்த எல்லை ஒரு கோடி ரூபாய். வரவிலும் செலவிலும் ரொக்கம் ஐந்து சதவிகிதத்துக்கு மேற்படாதவருக்குப் பத்துக் கோடி. வருமான வரிக்குரிய அத்தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை சார்ட்டர்ட் அக்கவுண்டன்டுக்கு மாத்திரமே உண்டு. 2019-ஆம் வருஷம் முதல் அவருடைய ஒவ்வொரு சான்றிதழிலும் அறிக்கையிலும் 18 குறிகள் கொண்ட ஓர் அடையாள எண் இருக்கவேண்டும். ஸ்தாபனத்தின் இணையதளத்தில் அதைப் பதிந்து, கையெழுத்து உண்மையானதா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிஷ வேலை. ஆலை முதலாளிகளில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்?

விசாரிக்காமல் ஒப்புவிப்பதன் விளைவு என்ன என்பதை 2025-ஆம் வருஷம் நாடு கண்டது. அவ்வருஷம் ஜூலை 14-ஆம் தேதி வருமான வரி இலாகா நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்யான கழிவுகளைக் காட்டி, சம்பளக்காரர் பலருக்கு வரிப் பணத்தைத் திரும்ப வாங்கித் தந்த இடைத்தரகர்களே இலக்கு. இலாகா வெளியிட்ட அறிக்கையில் சொல்லப்பட்ட ராஜ்யங்களுள் தமிழ்நாடும் ஒன்று. அதற்கு முந்திய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள் என்றும் இலாகா தெரிவித்தது. அவ்வறிக்கையில் நமது கவனத்தை மிகவும் கவர்ந்தது வேறொரு சங்கதி. இத்தரகர்கள் கட்சிக்காரர்களுக்காகத் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்கி, கணக்கைத் தாக்கல் செய்தவுடன் அவற்றைக் கைவிட்டுவிட்டார்கள். இலாகா அனுப்பிய நோட்டீசுகள் எவரும் திறவாத பெட்டியில் போய் விழுந்தன. வரி கொடுப்பவருக்கோ தம்மேல் நடவடிக்கை தொடங்கியதே தெரியாது.

இந்தத் தரகர் கேட்கும் கூலி, திரும்பி வரும் தொகையில் ஒரு பங்கு. கேட்க இனிமையாய்த்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்: பொய்க் கழிவினால் 20,000 ரூபாய் திரும்பி வருகிறது, தரகர் பத்தில் ஒன்றென்று 2,000 ரூபாய் எடுத்துக்கொள்கிறார். குட்டு வெளிப்படும்போது அந்த 20,000-த்தையும் வட்டியையும் கட்டுவதோடு, பொய்யாகக் கணக்குக் காட்டியதற்கு வரியைப் போல் இரண்டு பங்கு, அதாவது 40,000 ரூபாய் வரை, அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. தரகரின் 2,000 தரகரிடமே இருக்கும். சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்களோ, பொதுவாக லாபத்தில் சதவிகிதமாகவோ பலனைப் பொறுத்தோ கட்டணம் வாங்கக் கூடாதென்று அவர்களுடைய சட்டமே தடுக்கிறது. வேலை தேடி விளம்பரம் செய்து ஆள் பிடிப்பதையும் தடுக்கிறது. ஆகவே, “எவ்வளவு திரும்பி வருமோ அதில் இவ்வளவு” என்று பேசத் தொடங்குபவரிடம் கணக்கைக் கொடாதிருப்பதே உத்தமம்.

சாவியை ஒப்புவிப்பதிலும் நம்மவர் அஜாக்கிரதை மிகுதி. வருமான வரி இணையதளத்திலும் சரக்கு சேவை வரி இணையதளத்திலும் பதிவாகியிருக்கும் கைபேசி எண் யாருடையது, மின்னஞ்சல் யாருடையது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், “எல்லாம் ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறது” என்பதே அநேகமாய் வரும் பதில். வேலையை அவர் பார்க்கட்டும். எண்ணும் முகவரியும் முதலாளியுடையவையாக இருக்கவேண்டும். மாதக் கணக்கு தாக்கலானதற்கான அத்தாட்சியை மாதந்தோறும் கேட்டு வாங்க வேண்டும். தாக்கல் இரண்டு காலத்துக்குத் தொடர்ந்து நின்றால் ஈ-வே பில் எழுத முடியாதபடி தடை விழும். எண்ணெய் டின்களை ஏற்றிக்கொண்டு புறப்பட நிற்கும் லாரி அப்படியே நிற்கும். டிரைவர் படிக்கு யார் ஜவாப்தாரி? ஆறு மாதம் நின்றால் பதிவையே ரத்துச் செய்யலாம். பணத்தைக் கட்டச் சொல்லி ஆபீஸ் பையனிடம் கொடுத்தேன் என்ற சமாதானம் அதிகாரியிடம் செல்லாது.

பட்டம் இருந்துவிட்டால் மாத்திரம் போதுமா? நமது அபிப்பிராயத்தில் போதாது. இந்த ஊர்த் தொழிலை அறிந்தவராகவும் இருக்கவேண்டும். தன் தோப்புத் தேங்காயை விற்கும் விவசாயியின் பணம் வேளாண் வருமானம். பிறர் தோப்புத் தேங்காயை வாங்கி உடைத்து உலர்த்தி விற்பது வியாபாரம். இரண்டும் ஒரே களத்தில் ஒரே வெயிலில்தான் காய்கின்றன. தேங்காய்க்குச் சரக்கு சேவை வரி கிடையாது. கொப்பரைக்கு ஐந்து சதவிகிதம். ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதை வியாபாரச் செலவாக ஏற்பதில்லை என்பது 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் வகுத்த விதி. சாகுபடி செய்தவரிடமே விளைபொருளை வாங்கினால் அதற்கு விலக்கு உண்டு, இடை வியாபாரியிடம் வாங்கினால் இல்லை. ஆகவே தகுதி வாய்ந்தவர் முதலில் கேட்கும் கேள்வி, “காய் யாரிடம் வாங்கினீர்கள்?” என்பதாக இருக்கும். அதைக் கேளாமல் மொத்தத் தொகையை மாத்திரம் கேட்டு எழுதிக்கொள்பவரைப் பற்றிச் சந்தேகப்படலாம்.

தேங்காயெண்ணெய் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். சிறு பாக்கெட்டில் அடைத்த சுத்தத் தேங்காயெண்ணெய் சமையலுக்குரியதா, தலைக்குரியதா என்ற வழக்கு வருஷக்கணக்காய் நடந்தது. சேலம் மத்திய கலால் கமிஷனர் தரப்பு மேல்முறையீட்டில் 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் இருவர் இரு வேறு அபிப்பிராயம் கூறினர். மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு 2024 டிசம்பர் 18-ஆம் தேதி தீர்ப்பளித்தது. பாக்கெட் சிறிதாக இருப்பதொன்றினாலே அது தலை எண்ணெய் ஆகிவிடாது. லேபிளும் மற்ற நிபந்தனைகளும் அப்படிக் காட்டினால்தான் ஆகும் என்பது அதன் சாரம். அன்று சமையல் எண்ணெய்க்கு ஐந்து சதவிகிதம், தலை எண்ணெய்க்குப் பதினெட்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தலை எண்ணெய்க்கும் ஐந்தே என்றாகிவிட்டது. ஆயினும் பழைய வருஷங்களின் கணக்குகள் கேள்விக்கு வரும்போது, அந்நாளில் லேபிளில் என்ன அச்சிட்டிருந்தது என்று பார்த்துச் சொல்லக்கூடியவர் பக்கத்தில் இருக்கவேண்டும். 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தில் 2025-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வரும்படி விதிக்கப்பட்டது. பிரிவு எண்கள் பெரும்பாலும் மாறிவிட்டன. பழைய எண்களையே ஒப்பித்துக்கொண்டிருப்பவர் புதியதைப் படிக்கவில்லை என்று அறியலாம்.

இன்னொன்றும் உண்டு. இலாகாவிலிருந்து வரும் நோட்டீசு இங்கிலீஷில் வருகிறது. களத்தில் கொப்பரை புரட்டும் முதலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறார். இன்ன தேதிக்குள் இன்னது கேட்கிறார்கள், நாம் இன்ன பதில் சொல்லப் போகிறோம் என்பதைத் தமிழில், அவருக்கு விளங்கும்படி, எடுத்துச் சொல்லாமல் “கையெழுத்துப் போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பவர் எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் அவரை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். கையெழுத்து முதலாளியுடையது, அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பும் அவருடையதே. காங்கேயத்திலும் வெள்ளகோவிலிலும் உள்ள வியாபாரிகள் சங்கங்கள், தொழில் புரியச் சான்றிதழ் பெற்றவர்களின் ஜாபிதா ஒன்றைத் தமிழில் அச்சிட்டு அங்கத்தினர்களுக்குக் கொடுக்க முன்வரலாம். பெரிய செலவில்லை.

வருஷக் கணக்கு ஏப்ரல் 1-ஆம் தேதி புதிதாய்த் தொடங்குகிறது. ஆளை மாற்ற நினைப்பவர்கள் மாசி மாதத்திலேயே பேசி, என்னென்ன வேலை, எவ்வளவு கட்டணம், பழைய கணக்குப் புஸ்தகங்களையும் கடவுச்சொற்களையும் முன்னவர் எப்பொழுது திருப்பித் தருவார் என்பதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டுக்கொள்வது நலம்.