சுண்டெலிக்கு ஏன் டர்பன்டைன்?

முடக்குவாதமோ காசநோயோ மாதக்கணக்கில் நீடித்தால் ரத்தசோகையும் சேர்ந்துகொள்கிறது. உடம்பில் இரும்புச்சத்து இருக்கும். ரத்த அணு உருவாகும் எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேராது. குடோனில் மூட்டை அடுக்கியிருக்க, சாவி கிடைக்காத கதை. சாவியை ஒளித்தது யார் என்று நோயாளியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கிருமி, காய்ச்சல், பசியின்மை, மருந்து எல்லாம் அங்கே கலந்துகிடக்கும். இவற்றைப் பிரித்துப் பார்க்க ஆய்வாளர்கள் கையிலெடுத்த பொருள் விசித்திரமானது: பெயின்ட்டில் கலக்கும் டர்பன்டைன்! சுண்டெலியின் தோலுக்கடியில் அதைக் கொஞ்சம் ஏற்றினால் அந்த இடம் வீங்கிச் சீழ் கட்டும். சீழில் கிருமி இருக்காது. ஆக, தொற்றே இல்லாத வெறும் அழற்சி. ஒரே நாளுக்குள் கல்லீரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் பெருகுகிறது, ரத்தத்தில் இரும்பு இறங்குகிறது. இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் சமிக்ஞையின் மரபணுவை நீக்கிய எலியிலோ இரண்டுமே நடப்பதில்லை. ஒளித்த கை பிடிபட்டுவிட்டது. இரும்பின் வழியை அடைப்பதே ஹெப்சிடினின் வேலை. அதைக் காட்டிக்கொடுத்ததும் எலிதான், அதுவும் தற்செயலாக. பிரான்சில் வேறொரு மரபணுவை நீக்கி வளர்த்த எலிகளின் கல்லீரலில் இரும்பு குவிந்துகிடந்ததை 2001-ல் கண்டார்கள். அவற்றில் ஹெப்சிடின் சுரக்கவே இல்லை.

எலிக்கு நடப்பதெல்லாம் மனிதனுக்கும் நடக்குமா? நியாயமான கேள்வி. எலியின் சிவப்பணு சுமார் 40 நாள் வாழும், நம்முடையது 120 நாள். நெருக்கடி வந்தால் எலியின் மண்ணீரலும் ரத்த உற்பத்தியில் இறங்கிவிடும். நமக்குப் பெரும்பாலும் மஜ்ஜைதான் கதி. எலியின் அழற்சி மனித அழற்சியை ஒத்ததே இல்லை என்று 2013-ல் ஒரு குழு அறிவித்தது. அதே தரவுகளை வேறு விதமாக அலசிய ஜப்பானிய ஆய்வாளர்கள் இருவர், நன்றாகவே ஒத்துப்போகிறது என்று 2015-ல் எழுதினார்கள். மொத்தமாக ஒக்குமா என்று கேட்டால் இந்த வழக்கு தீராது. சோகை எத்தனை நாளில் வரும், எவ்வளவு கடுமையாகும் என்பதற்கு எலியை நம்பக் கூடாது. எந்தச் சமிக்ஞை எதைத் தூண்டுகிறது என்பதற்கு நம்பலாம், மனிதரிடம் சரிபார்க்கும்வரை தற்காலிகமாக. இங்கே சரிபார்த்தும்விட்டார்கள்: தன்னார்வலர்களுக்கு இன்டர்லூக்கின்-6 செலுத்தியதும் சில மணி நேரத்தில் ஹெப்சிடின் ஏறியது, இரும்பு இறங்கியது. சீழ் கட்டிய எலிக்கு வலிக்கத்தான் செய்யும். இப்படிக் கூர்மையான கேள்வி கையில் இல்லாமல் அந்த வலியைக் கொடுப்பது அநியாயம்.

ஹெப்சிடின் குடலிலும் இரும்பின் வழியை அடைக்கிறது. அழற்சி தணியாதவரை விழுங்கும் இரும்பு மாத்திரையில் பெரும்பகுதி வீண். நீண்டநாள் மூட்டுவலியோடு சோகையும் இருந்தால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.