எவர் கையிலும் திறக்கும் இணைப்புகள்

ஊராட்சி நிர்வாகத்தில் காகிதக் கோப்பின் இடத்தை மின்கோப்பு மெல்ல மெல்லப் பெற்று வருகிறது. கிராம சபைக் கூட்டத்தின் பொருள் நிரல், வரவு செலவு அறிக்கை, வேலைகளின் மதிப்பீடு, பயிர்க் காப்பீட்டு அறிவிப்பு, மானிய விண்ணப்பம் ஆகிய யாவும் இன்று கணினியில் உருவாகி, கைபேசி வழியே மக்களைச் சென்றடைகின்றன. அவற்றில் ஆங்காங்கே நீல நிறத்தில், அடிக்கோடிட்ட சொற்கள் காணப்படும். அவற்றைத் தொட்டால் வேறொரு பக்கமோ படிவமோ திறக்கும். வழக்கில் ‘லிங்க்’ எனப்படும் இணைப்பு இதுவே. தயாரித்தவரின் மேசைக் கணினியில் தடையின்றித் திறக்கும் இணைப்பு, பெறுபவரின் கைபேசியில் திறவாமற் போவது அடிக்கடி நிகழ்கிறது. அதன் காரணங்களையும் அவற்றை நீக்கும் வழிகளையும் இங்குக் காண்போம்.

இதில் ஊராட்சிக்கு என்ன அக்கறை?

வட சென்னையின் விம்கோ நகரை எடுத்துக்கொள்வோம். தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரால் வழங்கும் இவ்விடத்தில் புறநகர் இரயில் நிலையம் உண்டு. 2021 பிப்ரவரி முதல் மெட்ரோ இரயிலும் இங்கு வந்து சேர்கிறது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டன. ஆயினும் வடக்கே எண்ணூரையும் கொசஸ்தலை ஆற்றையும் கடந்தால், மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியத்தின் சிற்றூர்கள் தொடங்கிவிடுகின்றன. அவ்வூர்களிலிருந்து ஆலைகளுக்கும் துறைமுகத்திற்கும் வேலைக்கு வருவோர், தம் ஊரின் அறிவிப்பை இரயிலில் நின்றபடியே கைபேசியில் படிக்கின்றனர். அதே அறிவிப்பை ஊரிலுள்ள முதியவர், ஊராட்சி அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ மேசைக் கணினியில் காண்கிறார். கோப்பு ஒன்று, கருவிகள் இரண்டு. இரண்டிலும் அது பயன்பட்டாக வேண்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை 2022 முதல் ஆண்டிற்கு ஆறு முறை கூடுமாறு வகுக்கப்பட்டது. கூட்டத்திற்கு முன் வரவு செலவுக் கணக்கைப் படித்து வருபவரே பயனுள்ள கேள்வி கேட்க இயலும். கணக்கைக் காட்டும் இணைப்பு திறவாவிடில், கணக்கு இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். காப்பீட்டிற்குக் கடைசி நாளன்று படிவத்தின் இணைப்பு திறவாத உழவருக்கு ஒரு பருவத்தின் பாதுகாப்பே போய்விடக்கூடும்.

இணைப்பு என்பது யாது?

ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் எழுத்து முறைக்கு அமெரிக்கரான டெட் நெல்சன் 1965-இல் பெயர் சூட்டினார். 1989-இல் ஜெனீவா நகரத்தருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, உலகமெங்குமுள்ள கணினிகளை இம்முறையில் பிணைக்கும் திட்டத்தை முன்வைத்தார். இன்றைய வலைத்தளங்கள் அதன் விளைவே.

இணைப்பில் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று கண்ணுக்குத் தெரியும் சொல். மற்றொன்று அதன் பின்னே மறைந்திருக்கும் முகவரி. பழுது பெரும்பாலும் முகவரியில்தான் இருக்கும்.

முகவரி முழுமையாக இருத்தல் வேண்டும்

நிலத்தை அடையாளம் காட்டும்போது, “வேப்பமரத்துக்கு வடக்கே உள்ள வயல்” என்றால் உள்ளூரார்க்குப் போதும். பத்திரத்தில் அவ்வாறு எழுத இயலாது. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு அனைத்தும் வேண்டும். இணைப்புக்கும் இவ்விதி பொருந்தும். அலுவலகக் கணினியின் ‘சி’ அல்லது ‘டி’ பகுதியிலுள்ள கோப்பைச் சுட்டும் இணைப்பு, வேப்பமரத்தை அடையாளம் சொல்வது போன்றதே. அக்கணினியில் அது திறக்கும். பிறருடைய கைபேசியில் அந்த ‘டி’ பகுதி ஏது? ஆகவே, சுட்டப்படும் கோப்பை முதலில் இணையத்தில் ஏற்றி, ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்று தொடங்கும் முழு முகவரியை இணைப்பில் இடுதல் வேண்டும்.

அடுத்த தடை அனுமதி. கூகிள் டிரைவ் போன்ற சேமிப்பிடங்களில் ஏற்றிய கோப்பு, வேறு ஏற்பாடு செய்யாதவரை உரியவருக்கு மட்டுமே திறக்கும். ஏற்றியவர் தம் கணக்கில் நுழைந்திருப்பதால் அவருக்குத் தடை தெரியாது. மற்றவர்க்கோ ‘அனுமதி தேவை’ என்ற வாசகமே தோன்றும். பொது அறிவிப்பாயின், ‘இணைப்பு உள்ள எவரும் காணலாம்’ என்ற ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். திருத்தும் உரிமை தரலாகாது. பயனாளிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் முதலியன உள்ள கோப்புகளை ஒருபோதும் இவ்வாறு திறந்துவிடலாகாது.

பட்டா, சிட்டா பார்வையிடும் தளங்களில் விவரங்களை இட்டபின் தோன்றும் விடைப் பக்கத்தின் முகவரியும் பெரும்பாலும் பிறரிடம் திறவாது. அது அப்பொழுதைக்கு மட்டும் உருவாவது. அத்தகைய தளங்களுக்கு முதற் பக்கத்தின் முகவரியைத் தந்து, அடுத்துச் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுவதே முறை.

பி.டி.எஃப். ஆக்கும்போது கவனிக்க வேண்டியவை

வேர்டு கோப்பு ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு விதமாகத் தோன்றக்கூடும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் பொருளற்ற குறிகளாகிவிடும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யுனிகோடு முறையை ஏற்றுள்ளதால், அதிலேயே தட்டச்சு செய்து, பி.டி.எஃப். வடிவில் அனுப்புதல் நன்று.

ஆனால் பி.டி.எஃப். ஆக்கும் வழி முக்கியமானது. ‘அச்சிடு’ என்னும் கட்டளை வழியே ஆக்கினால் எழுத்து நிற்கும். பின்னேயுள்ள முகவரி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ‘சேமி’ அல்லது ‘ஏற்றுமதி’ என்னும் கட்டளை வழியே ஆக்கினால் இணைப்பு உயிரோடிருக்கும். அச்சிட்ட தாளை மீண்டும் ஸ்கேன் செய்தாலோ, கைபேசியில் படம் பிடித்தாலோ கிடைப்பது வெறும் படம். அதில் இணைப்பு ஏதும் இராது.

கையொப்பத்திற்காக அச்சிடும் தாள்களிலும், அறிவிப்புப் பலகையில் ஒட்டும் தாள்களிலும் முகவரியை எழுத்தாலும் தந்து, அருகே கியூ.ஆர். குறியையும் அச்சிடுதல் வேண்டும். கைபேசி உடையவர் குறியைப் பிடிப்பார். மேசைக் கணினியில் அமர்ந்தவர் எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்வார். தொலைபேசி எண்ணுக்கும் இதுவே விதி. எண்ணைத் தொட்டதும் அழைப்புச் செல்வது கைபேசியில் எளிது. மேசைக் கணினியில் அது நிகழாதிருக்கலாம். ஆதலால் எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

எழுதும் முறை

கோப்புக்குப் பெயரிடுகையில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் எண்களும் இடைக்கோடுமே போதும். விண்டோஸ் கணினி பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும். இணையத்தைத் தாங்கும் கணினிகள் பலவும் வேறுபடுத்திப் பார்க்கும். பெயரின் நடுவே இடைவெளி விட்டால் முகவரி அங்கேயே அறுபடக்கூடும். கோப்பின் பெயர் தமிழில் இருந்தால், முகவரியை நகலெடுக்கும்போது ‘க’ என்ற ஒரே எழுத்துக்கூட ஒன்பது குறிகளாக விரிந்து, முகவரி கைகொள்ளாத நீளம் பெறுகிறது. முகவரியை ஒட்டி முற்றுப்புள்ளியோ அடைப்புக்குறியோ இட்டால், அதுவும் முகவரியின் பகுதியாகச் சேர்ந்து இணைப்பைக் கெடுப்பதுண்டு.

‘இங்கே அழுத்தவும்’ என்று எழுதுவதைவிட, ‘2024-25 வரவு செலவு அறிக்கை’ என்று எழுதுவதே சிறந்தது; திறக்கப்போவது யாதென்று படிப்பவர் அறிவார். எலியின் அம்புக்குறிக்கு ஒரு புள்ளி போதும். உழைத்துக் காய்த்த விரலுக்கு இடம் வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான வடிவமைப்பு நெறி, தொடும் இடம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே இணைப்புகளை வரிக்கு ஒன்றாக, இடைவெளி விட்டு அமைத்தல் நலம்.

நீண்ட அறிக்கைகளுக்கு வேறொரு ஏற்பாடு தேவை. எண்ணூர், மீஞ்சூர் போன்ற தொழிற்பகுதிகளில் பெருந்திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் அறிவிக்கப்படுகின்றன. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அவற்றுக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களில் தம் ஊரைப் பற்றிய பகுதியை அந்நாட்களுக்குள் கண்டறிவது எளிதன்று. பொருளடக்கத்திலிருந்து உரிய பக்கத்திற்கு உள்ளிணைப்பு இருந்தால் பெருந்துணையாகும். சில கைபேசிச் செயலிகளில் உள்ளிணைப்பு இயங்குவதில்லை. ஆதலால் பக்க எண்ணையும் அருகிலேயே குறித்தல் வேண்டும்.

முகவரியைக் காத்தலும் போலியை அறிதலும்

இன்று திறக்கும் இணைப்பு என்றும் திறக்கும் என்பதில்லை. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் கிடைக்காமற் போயின என்று அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையம் 2024-இல் கண்டறிந்தது. கோப்பை இடம் மாற்றுவதும் பெயர் மாற்றுவதும் இதற்குப் பெருங்காரணங்கள். திருத்திய கோப்பைப் புதிய முகவரியில் ஏற்றாமல், பழைய முகவரியிலேயே மாற்றி வைத்தல் நன்று.

இணைப்பின் பழக்கம் பெருகப் பெருக மோசடியும் பெருகியுள்ளது. பிரதம மந்திரி கிசான் திட்டத்தின் பெயரைச் சொல்லி, ‘ஏ.பி.கே.’ கோப்பை நிறுவுமாறு தூண்டும் போலிச் செய்திகள் வாட்ஸ்அப்பில் பரவியுள்ளன. முகவரியில் இரட்டைச் சாய்கோட்டுக்கும், அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கும் இடையிலுள்ளதே தளத்தின் பெயர். அரசுத் தளமாயின் அது பெரும்பாலும் ‘கவ் டாட் இன்’ என்று முடியும். ஐயம் எழுந்தால் தொடாமல், ஊராட்சி அலுவலகத்தில் கேட்டறிக. பணம் பறிபோயின் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ஊராட்சியும் தன் அறிவிப்புகளில் சுருக்கிய முகவரிகளைத் தவிர்த்து, முழு முகவரியையே தருமாயின், உண்மையை அறிவது மக்களுக்கு எளிதாகும்.

அனுப்புமுன் செய்ய வேண்டிய சோதனை

1. கோப்பைத் தயாரித்தவர் அல்லாத ஒருவரின் கைபேசிக்கு அதனை அனுப்புக.

2. அவர் அலுவலக வைஃபையை விடுத்து, தம் சொந்த இணையத்தில் ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்க்கட்டும்.

3. வாட்ஸ்அப்பின் முன்தோற்றத்தில் இணைப்பு இயங்காவிடில், பி.டி.எஃப். செயலியில் திறந்து காண்க. அச்செயலியில் திறக்குமாறு அறிவிப்பிலேயே ஒரு வரி எழுதுக.

4. பின்னர் இ-சேவை மையம் போன்ற வேறோர் இடத்து மேசைக் கணினியில் அதே சோதனையைச் செய்க.

5. ஓர் இணைப்பேனும் தவறினால், திருத்திய பின்னரே பொதுவில் விடுக.

இதற்குப் பொருட்செலவில்லை, கால் மணி நேரமே தேவை. சாலை போட்டபின் அதன் கடைசி வீடு வரை நடந்து பார்ப்பது போன்றதே இதுவும். தயாரித்தவரின் கணினியில் திறந்தது என்பது சான்றாகாது; கடைசி வீட்டாரின் கைபேசியில் திறந்தது என்பதே சான்று. அடுத்த கிராம சபைக்கான அறிவிப்பை அனுப்புமுன் இச்சோதனையைச் செய்து பார்க்குமாறு ஊராட்சி மன்றத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். திறவாத இணைப்பைக் கண்ட உழவர் பெருமக்களும் வாளா இராமல், அன்றே ஊராட்சி அலுவலகத்திற்குத் தெரிவிப்பார்களாயின், அது ஊருக்கே செய்த உதவியாகும்.